கர்நாடக இசையும் மின்னணுக் கருவிகளும்

ஐரோப்பியச் செவ்வியல் இசைக்குள் மின்னணுவியல் இசை இயற்றுபவரின் கை வழியாக வந்தது. பாரிஸ் வானொலியில் பணியாற்றிய பியர் ஷேஃபர் 1948இல் ரயில்களின் ஓசையைப் பதிவுசெய்து, வெட்டி ஒட்டி, வேகம் மாற்றி, அதையே ஓர் இசைப்படைப்பாக ஒலிபரப்பினார். அடுத்த சில ஆண்டுகளில் ஜெர்மனியின் கொலோன் வானொலி மின்னணு இசைக்கென்றே ஒரு கூடம் அமைத்தது. அங்கே ஒரு சிறுவனின் குரலையும் மின்சுற்றில் பிறந்த ஒலிகளையும் பின்னிக் கார்ல்ஹைன்ஸ் ஷ்டோக்ஹௌசன் 1956இல் உருவாக்கிய படைப்பு அந்தத் துறையின் முதல் பெரிய சாதனைகளில் ஒன்றாக மதிக்கப்படுகிறது. 1977இல் பியர் பூலேஸின் தலைமையில் பாரிஸில் இர்காம் ஆய்வகம் திறக்கப்பட்டது. இதுவரை எவரும் கேட்டிராத ஒலியைக் கண்டடைவதே இவர்கள் எல்லோருடைய நோக்கமும்.

கர்நாடக இசையில் நடந்தது வேறு. இங்கே மையத்தில் இருப்பவர் பாடுபவரும் வாசிப்பவரும்தான். கீர்த்தனை முன்பே இருக்கிறது. அதைச் சுற்றி எழும் ஆலாபனையும் நிரவலும் கல்பனாஸ்வரமும் அந்தந்தக் கச்சேரியில் பிறக்கின்றன. ஆகவே மின்னணுக் கருவிகள் இந்த இசைக்குள் உதவியாளர்களாகவே அனுமதிக்கப்பட்டன: குரலைத் தூரத்துக்கு எட்டச்செய்ய மைக், சுருதி சேர்க்க ஒரு பெட்டி, வீணையின் ஒலி நிலைக்க ஒரு பிக்கப். புதிய ஒலி வேண்டும் என்று பெரும்பாலோர் கேட்கவில்லை. ஆனால் பாடும் குரலையும், வாத்தியங்களின் விரலசைவையும், ஒரு மேடையில் யார் எவ்வளவு கேட்க வேண்டும் என்ற கணக்கையும் மாற்றியவை இந்த உதவியாளர்களே. மாற்றம் மெதுவாக நடந்ததால், அது தொழில்நுட்பத்தால் நடந்தது என்பதே பலருக்கும் மறந்துவிட்டது.

ஐரோப்பிய வழியும் இந்தியாவுக்கு வராமல் இல்லை. 1969இல் அமெரிக்க இசையாளர் டேவிட் டியூடர் ஆமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் மூக் சிந்தசைசரும் நாடாப் பதிவுக் கருவிகளும் கொண்ட ஒரு கூடத்தை அமைத்துத் தந்தார். அதற்குப் பின்னணியில் இருந்தவர் கீதா சாராபாய். 1946இல் நியூயார்க்கில் ஜான் கேஜுக்கு இந்திய இசையைக் கற்பித்து, அவரிடம் மேற்கத்திய இசையைப் பயின்றவர். இந்தியப் பயிற்சியாளர்கள் அங்கே உண்மையான மின்னணு இசை செய்தார்கள். சில ஆண்டுகளில் கூடம் ஓய்ந்தது. மறக்கப்பட்டிருந்த நாடாச் சுருள்களிலிருந்து ஒரு தொகுப்பு 2023இல்தான் வெளிவந்தது. அந்த முயற்சிக்கும் தெற்கின் கச்சேரி மேடைக்கும் இடையே பாலம் எதுவும் எழவில்லை.

மைக் வருவதற்கு முன்னும் பின்னும்

மின்சாரம் வருமுன் இந்த இசை இரண்டு வகை இடங்களில் வாழ்ந்தது. கோயில் வீதி நாகஸ்வரத்துக்கும் தவிலுக்கும் உரியது. அவற்றின் ஒலிக்கு வெட்டவெளியே அரங்கம். வீட்டுக் கூடமும் அரண்மனை மண்டபமும் வாய்ப்பாட்டுக்கும் வீணைக்கும் உரியவை. சென்னை ஜார்ஜ் டவுனில் வீணை தனம்மாளின் (1867–1938) வீட்டில் வெள்ளிக்கிழமை மாலைகளில் நடந்த வாசிப்பு இந்த இரண்டாம் வகையின் உச்சம். அந்த வீணையின் மெல்லிய ஒலிக்காகக் கேட்பவர்கள் அசைவின்றி அமர்ந்திருந்தார்கள். நகரில் சபாக்கள் பெருகி, நூற்றுக்கணக்கானோர் சீட்டு வாங்கி உட்காரத் தொடங்கியதும், அந்த ஒலி பின்வரிசைக்குப் போய்ச் சேராது என்பது தெளிவாயிற்று.

பாடகர்கள் அதற்குக் கண்ட வழி சுருதியை உயர்த்துவது. ஆர்மோனியத்தின் முதல் கட்டையை, அதாவது மேற்கத்தியர் ‘சி’ என்று அழைக்கும் ஸ்வரத்தை, 1 கட்டை என்பது நம் வழக்கு. ‘ஜி’ 5 கட்டை. நாடக மேடையில் எஸ். ஜி. கிட்டப்பா போன்றோர் பெண்குரலுக்கு இணையான உயரத்தில் பாடியது கடைசி வரிசைக்குக் கேட்கவே. மேல் ஸ்தாயியில் பாடும்போது குரலின் ஆற்றல் மனிதக் காது நன்கு உணரும் அதிர்வெண்களில் குவிகிறது. எனவே அதே மூச்சில் அதிகத் தூரம் போகிறது. பழைய இசைத்தட்டுகளில் ஆண்குரல்கள் இவ்வளவு உச்சத்தில் ஒலிப்பதற்கு இதுவே முதற்காரணம். இன்று ஆண்கள் பெரும்பாலும் 1 முதல் 2 கட்டைக்குள் பாடுகிறார்கள்.

இந்த இறக்கத்தை நிகழ்த்தியது 1930களில் மேடைக்கு வந்த மைக். அதே பத்தாண்டில், 1938 ஜூன் 16 அன்று, அகில இந்திய வானொலியின் சென்னை நிலையமும் ஒலிபரப்பைத் தொடங்கியது. அங்கேயும் பாடகரின் வாயருகே இருந்தது மைக்தான். ஒரு திசையில் மட்டும் கேட்கும் வகை மைக்குகளுக்கு ஓர் இயல்பு உண்டு: வாயை மிக அருகில் கொண்டுசென்றால் அவை கீழ் அதிர்வெண்களை மிகைப்படுத்தும். மந்தர ஸ்தாயி திடீரென்று கனமும் செழிப்பும் பெறுகிறது. மூச்சோடு கலந்த மென்மையான கார்வை, காதோடு பேசுவது போன்ற அனுஸ்வரம், முனகலுக்குச் சற்றே மேலான பிடி ஆகியவையெல்லாம் கச்சேரிக்கு ஏற்றவை ஆயின. ஜி. என். பாலசுப்பிரமணியத்தின் மின்னல்வேக பிருகாக்கள் ஒவ்வொன்றும் தனித்தனியாகக் காதில் விழுந்ததிலும், எம். எஸ். சுப்புலட்சுமியின் குரலில் இருந்த நுண்ணிய ஏற்றஇறக்கங்கள் ஆயிரம் பேர் கொண்ட அரங்கில் கேட்டதிலும் அவர்களுடைய மேதைமையோடு மைக்குக்கும் பங்கு உண்டு. அது அவர்களின் பெருமையைக் குறைக்காது. கிடைத்த கருவியைக் கலையாக்கத் தெரிந்தவர்கள் அவர்கள்.

எல்லோரும் அதை ஏற்றுக்கொள்ளவில்லை. மிருதங்க மேதை பாலக்காடு மணி ஐயர் ஒரு காலகட்டத்தில் மைக் வைத்தால் வாசிப்பதில்லை என்ற உறுதியோடு இருந்தார். அவர் எதிர்ப்பின் உட்பொருள் ஆழமானது. மிருதங்கத்தின் நாதம் ஒரு புள்ளியில் பிறப்பதில்லை. வலந்தலையின் மீட்டும் சாப்பும், தொப்பியில் பூசிய ரவையால் எழும் கும்காரமும், கட்டையின் உட்குழிவும் சேர்ந்து, சில அடி தூரம் கடந்த பிறகே முழுமையடைகின்றன. ஒவ்வொரு பக்கத்திலும் விரற்கடை தூரத்தில் மைக்கை வைத்துப் பெருக்கினால், காற்றில் கலக்கவேண்டிய ஒலிகள் கலக்காமலேயே வெளியேறுகின்றன. வலந்தலை உலோகம்போல் ஒலிக்கிறது, தொப்பி அரங்கையே அதிரவைக்கிறது.

இங்கிருந்து ஓர் ஓட்டப்பந்தயம் தொடங்கியது. மிருதங்கம் ஓங்கினால் பாடகர் தன் மைக்கைக் கூட்டச் சொல்வார். வயலின் அடங்கிப்போவதாகத் தோன்றினால் வயலின் கூடும். மேடையில் தங்களுக்கே எதுவும் கேட்கவில்லை என்று மானிட்டர் பெட்டிகள் வந்தன. அவற்றின் ஒலி மைக்கில் புகுந்து ஊளையிட்டது. பாடகரைப் பார்த்து, அவர் குரலைக் கேட்டு, தன் கையை அடக்கிக்கொள்வதுதான் பக்கவாத்தியக்காரர் பல ஆண்டுகள் பயின்ற திறமை. அந்த அடக்கத்தை இப்போது தீர்மானிப்பவர் அரங்கின் பின்னால் கலவைப் பலகையின் முன் அமர்ந்திருப்பவர். ராகம் தெரியாத ஒருவர் அந்த இடத்தில் அமர்ந்தால், தனி ஆவர்த்தனத்துக்கும் பதத்துக்கும் ஒரே அளவு ஒலியே கிடைக்கும். ஐந்தாவது பக்கவாத்தியக்காரர் என்று அவரைச் சொல்வது மிகையல்ல. அவருக்கு அதற்குரிய இசைப் பயிற்சியும் மரியாதையும் ஊதியமும் தரும் சபாக்கள் அரிது. சென்னையில் மைக் இல்லாத கச்சேரிகள் அவ்வப்போது நடந்திருக்கின்றன. சிறு கூடத்தில் நூறு பேருக்குள் அமர்ந்து கேட்பவர்கள் முதல் சில நிமிடங்கள் ஒலி போதவில்லை என்று உணர்கிறார்கள். பிறகு செவி தணிந்து, வயலின் வில்லின் உராய்வு வரை கேட்கத் தொடங்குகிறது.

கோயிலின் நிலை இதைவிடக் கவலைக்குரியது. மோட்டாரால் இயங்கும் மேளமும் சேகண்டியும் மணியும் பொருத்திய இயந்திரம் இன்று பல கோயில்களில் தீபாராதனைக்கு ஒலிக்கிறது. விசையைத் தட்டினால் போதும். மல்லாரி, பூஜைக்கேற்ற ராகம், காலத்துக்கேற்ற ராகம் என்று நாகஸ்வர மரபு வகுத்திருந்த பெரும் செல்வம் ஒன்று உண்டு. அதை வாசித்துவந்த குடும்பங்களின் வாழ்வும் உண்டு. இயந்திரம் நின்ற இடத்தில் இரண்டுக்கும் இடம் இல்லாமல் போனது. உதவிக்கு வந்த கருவி ஓர் இசைமரபையே இடம்பெயர்த்ததற்கு இதைவிடத் தெளிவான சான்று இல்லை.

இசைத்தட்டைப் பற்றி இங்கே சுருக்கமாகச் சொல்லலாம். நிமிடத்துக்கு 78 சுற்று சுழன்ற தட்டின் ஒரு பக்கம் மூன்று நான்கு நிமிடங்களே பிடிக்கும் என்பதால் ராகமும் கிருதியும் அந்த அளவுக்குச் சுருங்கின. ஆயினும் அந்தத் தட்டுகள் கடல் கடந்து செய்தது வியப்புக்குரியது. 20ஆம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டில் பதிவான கோயம்புத்தூர் தாயியின் குரலைக் கேட்டு மயங்கிய பிரெஞ்சு இசையமைப்பாளர் மோரிஸ் டெலாஜ், ‘ராகமாலிகா’ என்ற பியானோ படைப்பை எழுதினார். அதில் ஒரு ஸ்வரத்தின் தந்திக்கடியில் அட்டைத்துண்டைச் செருகி ஒலியை மங்கவைக்கச் சொன்னார். பியானோவின் உள்ளே பொருளை வைத்து அதன் நாதத்தை மாற்றும் உத்தி பின்னாளில் ஜான் கேஜால் புகழ்பெற்றது. அதன் மிகப் பழைய எடுத்துக்காட்டுகளில் ஒன்று தமிழ்நாட்டுப் பாடகி ஒருவரின் இசைத்தட்டிலிருந்து பிறந்தது.

சுருதி

தம்புராவில் நான்கு தந்திகள்: பஞ்சமம், சாரணை, அனுசாரணை, மந்தரம். பார்வைக்கு எளிய இந்த வாத்தியம் இயற்பியலாளருக்குச் சவாலாக இருந்தது. ஒரு தந்தியை எந்தப் புள்ளியில் மீட்டுகிறோமோ, அந்தப் புள்ளியில் கணு கொண்ட மேற்சுரங்கள் எழக்கூடாது என்பது தாமஸ் யங் வகுத்த விதி. திருச்சிராப்பள்ளியில் பிறந்த சி. வி. ராமன் 1921இல் வெளியிட்ட ஆய்வில், தம்புராவும் வீணையும் இந்த விதிக்குக் கட்டுப்படுவதில்லை என்று காட்டினார். காரணம் குதிரை. ஐரோப்பியத் தந்தி வாத்தியங்களில் தந்தி கூரிய விளிம்பில் தங்கும். தம்புராவில் அகன்று வளைந்த பரப்பின் மேல், ஒரு நூலிழையின் துணையோடு படிகிறது. அதிரும் தந்தி அந்தப் பரப்பைத் தொட்டுத் தொட்டு விலக, மீண்டும் மீண்டும் புதிய மேற்சுரங்கள் கிளம்புகின்றன. இசைக்கலைஞர்கள் ஜீவா பிடிப்பது என்று சொல்லும் அந்த நூலின் நுண்ணிய நகர்த்தல்தான் தம்புராவை உயிர்ப்பிக்கிறது. ராமன் அதற்கு முந்தைய ஆண்டிலேயே, கரணை பூசிய நம் தோல்கருவிகள் ஒழுங்கான மேற்சுரங்களைத் தருவதையும் விளக்கியிருந்தார்.

இந்த நாதத்தை மின்சுற்றில் பிறப்பிக்கும் முயற்சி 1970களில் பெங்களூரில் வெற்றிபெற்றது. புல்லாங்குழல் கலைஞரும் பொறியாளருமான ஜி. ராஜ்நாராயண் 1979இல் ராடெல் நிறுவனத்தைத் தொடங்கி, மின்னணுச் சுருதிப் பெட்டியையும் தம்புராவையும் பரவச்செய்தார். அதற்கு முன்பிருந்த சுருதிப் பெட்டி, துருத்தியைக் கையால் இழுத்துக்கொண்டே இருக்கவேண்டிய ஆர்மோனியத் தம்பி. புதிய பெட்டிக்குக் கை தேவையில்லை. குளிர்சாதன அரங்கில் தம்புராவின் தந்தி இறங்கும், பெட்டி இறங்காது. பேருந்தில் தம்புராவைத் தூக்கிச் செல்ல முடியாத மாணவர் பெட்டியைப் பையில் போட்டுக்கொள்ளலாம். இன்று அது கைப்பேசிச் செயலியாகச் சுருங்கிவிட்டது.

வசதியின் அளவை உணர ஓர் எடுத்துக்காட்டு போதும். கொல்லிமலையின் பெயரையே கொண்டது கொல்லிப் பண். அப்பர் திருவதிகையில் பாடிய முதல் பதிகத்துக்கு உரியது அந்தப் பண். ஓதுவார்கள் அதை இன்று நவரோஸ் ராகத்தில் பாடுகிறார்கள். நவரோஸ், குறிஞ்சி, செஞ்சுருட்டி, புன்னாகவராளி போன்றவை தார ஸ்தாயிக்கு முழுதாக ஏறாதவை. எனவே அவற்றை மத்திம சுருதியில் பாடுவது வழக்கம். தம்புராவில் அதற்குப் பஞ்சமத் தந்தியைத் தளர்த்தி மத்திமத்துக்குக் கொண்டுவர வேண்டும். பாடி முடித்ததும் மீண்டும் ஏற்ற வேண்டும். இடையில் அரங்கம் காத்திருக்கும். பெட்டியில் ஒரு குமிழைத் திருகினால் வேலை முடிந்தது. கச்சேரி நடுவே ஒரு தேவாரத்தையோ ஜாவளியையோ பாடத் தயங்கியவர்களுக்கு இது பெரிய விடுதலை.

இழப்பும் அதே அளவு உண்மை. நன்கு சேர்ந்த தம்புராவில், யாரும் மீட்டாத அந்தர காந்தாரம் தானே ஒலிக்கும். ஸட்ஜத் தந்தியின் ஐந்தாவது மேற்சுரம் அது. ஒரு ஸ்தாயியை 1200 சென்ட் என்று கொண்டால், அந்தக் காந்தாரம் 386இல் நிற்கும்; பியானோவும் சாதாரண கீபோர்டும் தரும் காந்தாரம் 400இல். பதினான்கு சென்ட் வேறுபாட்டைப் பயின்ற காது உடனே உணரும். பஞ்சமத்தில் வேறுபாடு மிகச் சிறியது: இயல்பானது 702, சமன்படுத்தியது 700. தொடக்ககால மின்சுற்றுகள் ஸட்ஜத்தையும் பஞ்சமத்தையும் பிசகில்லாமல் தந்தன; ஆனால் மேற்சுரங்களின் பின்னலைத் தர இயலவில்லை. பின்வந்த இலக்கக் கருவிகள் உண்மைத் தம்புராவின் பதிவையே சேமித்து ஒலிக்கின்றன. எனினும் ஒரே பதிவை 1 கட்டைக்கும் 6 கட்டைக்கும் இழுத்து நகர்த்தும்போது நாதத்தின் நிறம் மாறிவிடுகிறது. சுருதி சரி, தம்புரா இல்லை என்ற நிலை.

மேடையில் பாடகருக்குப் பின்னால் தம்புராவை மீட்டியபடி அமர்ந்திருந்த சீடரின் இடமும் போயிற்று. அவர் அங்கே கூலிக்கு உட்கார்ந்தவர் அல்ல. மூன்று மணி நேரம் குருவின் ஒவ்வொரு சங்கதியையும் சுருதிக்குள் இருந்தபடியே உள்வாங்கிய கற்றல் அது. தம்புராவைச் சேர்க்கும் பழக்கமே கேட்கும் திறனுக்கு முதற்பாடம்; பொத்தானை அழுத்தித் தொடங்குபவருக்கு அந்தப் பாடம் தவறிப்போகிறது. பெட்டி மாணவருக்கும் பயணத்துக்கும் ஈடற்ற துணை. பெரிய கச்சேரி மேடையில் அது தம்புராவின் இடத்தில் அமர்ந்திருப்பதற்கு வசதியைத் தவிர வேறு நியாயம் இல்லை.

கமகமும் கம்பியும்

வாத்தியங்களில் மின்சாரம் தொட்ட முதல் இடம் வீணை. மீட்டியதும் விரைவில் தேய்ந்து மறைவது வீணையின் ஒலி. கான்டாக்ட் மைக்கும் காந்தப் பிக்கப்பும் வந்தபின் தேயும் ஒலியின் வாலும் கேட்டது. ஒரு மீட்டில் ஒன்றுக்கு மேற்பட்ட ஸ்வரங்களைத் தந்தியை இழுத்தே பேசவைக்கும் பாணி இதனால் வலுப்பெற்றது. சிட்டிபாபுவின் வீணை குயில்போலவும் மணிபோலவும் ஒலித்து வெகுமக்களைக் கவர்ந்ததில் இந்தப் பெருக்கத்துக்கும் பங்கு உண்டு. மறுபக்கத்தில், மீட்டுக்கு மீட்டு இடைவெளி கூடியதால், நெருங்கிய மீட்டுகளால் சொற்களை உச்சரிப்பதுபோல் வாசித்த பழைய முறை மெல்ல ஒதுங்கியது. ராஜ்நாராயண் பின்னர் உருவாக்கிய மின்னணு வீணையில் பலாமரக் குடமே இல்லை. பெருக்கியும் சுருதியும் உள்ளேயே அமைந்தன. விமானப் பயணத்துக்கு அது நல்ல விடை. நாதத்துக்கு விடை ஆகுமா என்பதில் வைணிகர்களிடையே ஒத்த கருத்து இல்லை.

மின்சாரம் இல்லாமல் கர்நாடக இசைக்குள் வந்திருக்கவே முடியாத வாத்தியம் ஒன்று உண்டு: யு. ஸ்ரீநிவாஸின் (1969–2014) மேண்டலின். மேற்கத்திய மேண்டலினில் எட்டுத் தந்திகள் நான்கு இரட்டைகளாக இருக்கும். இரட்டைத் தந்தியை ஒருசேர இழுத்துக் கமகம் கொடுப்பது கடினம்; ஒலியும் உடனே அறுந்துவிடும், அதனால்தான் ஐரோப்பியர் அதில் தந்தியை விடாமல் அதிரவைக்கிறார்கள். ஆந்திரத்துப் பாலகொல்லில் பிறந்த சிறுவன் ஸ்ரீநிவாஸ், ஐந்து ஒற்றைத் தந்திகள் கொண்ட மின் மேண்டலினைக் கையிலெடுத்து, 1981இல் சென்னைக் கச்சேரியில் வாசித்தபோது இரண்டு குறைகளும் தீர்ந்திருந்தன. பிக்கப் ஒலியை நீட்டித் தந்தது. ஒற்றைத் தந்தி இடது கைக்கு வளைந்தது. தோடியும் பைரவியும் அதில் கமகத்தோடு வந்தன. 1995இல் மைக்கேல் புரூக்குடன் அவர் வெளியிட்ட ‘டிரீம்’ தொகுப்பில் அதே மேண்டலின் மின்னணு ஒலிப்பரப்புகளுக்கு நடுவே கலந்தது. சென்னைக் கச்சேரியில் அவர் ஒருபோதும் அப்படிச் செய்யவில்லை. எந்த இடத்தில் எது என்ற தெளிவு அவரிடம் இருந்தது.

கிதாரில் சுகுமார் பிரசாத்தும் பின்னர் ஆர். பிரசன்னாவும் இதே வழியில் சென்றார்கள். எதிர்த்திசையில் வந்தவர் ஜான் மெக்லாஃப்லின். அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் டாக்டர் எஸ். ராமநாதனிடம் வீணை கற்ற அவர், 1970களில் சக்தி குழுவுக்காகச் செய்வித்த கிதாரில் மெட்டுகளுக்கிடையே மரத்தைக் குடைந்து பள்ளமாக்கச் செய்தார். தந்தியை அழுத்தியும் இழுத்தும் கமகம் கொடுக்க வீணை தரும் வசதி கிதாருக்குக் கிடைத்தது. அந்தக் குழுவின் வயலின் கலைஞர் எல். சங்கர் 1980இல் கென் பார்க்கரைக் கொண்டு பத்துத் தந்தி மின் இரட்டை வயலினைச் செய்வித்தார். டபுள் பேஸின் அடித்தளத்திலிருந்து வயலினின் உச்சம் வரை ஒரே வில்லுக்கு அகப்பட்டது.

கீபோர்டின் கதை ஆர்மோனியத்தோடு சேர்த்துப் பார்க்கவேண்டியது. அகில இந்திய வானொலி 1940 முதல் 1971 வரை ஆர்மோனியத்தைத் தன் ஒலிபரப்பிலிருந்து விலக்கியிருந்தது. ஸ்வரத்துக்கும் ஸ்வரத்துக்கும் இடையே அதனால் வழுக்கிச் செல்ல முடியாது என்பதும், அதன் ஸ்வரங்கள் சமன்படுத்தப்பட்டவை என்பதும் சொல்லப்பட்ட காரணங்கள். 1983இல் உலகெங்கும் மின்னணு வாத்தியங்களுக்குப் பொதுமொழியாக வந்த மிடி, அதே அடிப்படையில்தான் எழுந்தது. ஒரு ஸ்தாயிக்குப் பன்னிரண்டு விசைகள், ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். ஸ்வரத்தை நிலையான புள்ளியாகக் கருதும் இசைக்கு அது பொருந்தும். தோடியின் காந்தாரம் புள்ளி அன்று. ரிஷபத்துக்கும் மத்திமத்துக்கும் இடையே அசையும் அந்த அசைவே காந்தாரம்.

மிடியில் இதற்கு ஒரு வாசல் இருந்தது. சுருதியை வளைக்கும் சிறு சக்கரம், 16,384 படிகளில் ஸ்வரத்தை நகர்த்தவல்லது. கே. சத்யநாராயணன் சிறுவயதிலிருந்தே அந்தச் சக்கரத்தை இடது கையால் உருட்டி, வலது கையால் விசைகளை அழுத்தி, முழுக் கச்சேரிகளை வாசித்துக் காட்டினார். வீணையில் இடது கை செய்யும் வேலையை அவருடைய இடது கை சக்கரத்தில் செய்தது. ஆனால் சக்கரம் ஒலிக்கும் எல்லா ஸ்வரங்களையும் ஒன்றாகவே வளைக்கும். ஒவ்வொரு விரலின் அசைவையும் தனித்தனியே அனுப்பும் முறை 2018இல்தான் மிடியின் விதிகளில் சேர்ந்தது. அதற்கு முன்பே, அமெரிக்காவில் லிப்போல்ட் ஹாக்கன் வடிவமைத்த கண்டினியம் என்ற கருவி, விசைகளே இல்லாத மென்பரப்பில் விரலை நகர்த்தி வாசிக்கும்படி அமைந்தது. ஏ. ஆர். ரகுமான் அதைத் திரையிசையில் பயன்படுத்தி அறிமுகப்படுத்தினார். கமகத்துக்கு இயல்பாகவே இடம்தரும் இக்கருவி இன்னும் கச்சேரி மேடையில் வேரூன்றவில்லை. விலையும், கற்றுத்தர ஆசிரியர் இன்மையும் தடைகள்.

கணினி கேட்கும் ராகம்

கமகத்தைக் குறியீட்டில் பிடிக்கும் முயற்சிக்கு எட்டயபுரத்தில் சுப்பராம தீட்சிதர் 1904இல் வெளியிட்ட ‘சங்கீத சம்பிரதாயப் பிரதர்சினி’ பெரும் முன்னோடி. ஸ்வரத்தின் மேல் தனித்தனிக் குறிகளிட்டு எந்தக் கமகம் என்று அது சொன்னது. ஆனால் அசைவு எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம், எந்தப் புள்ளியில் ஓய்வு என்பதை வாசிப்பவர் பாடாந்தரத்தால்தான் அறிய முடியும். எம். சுப்பிரமணியன் உருவாக்கிய ‘காயக’ என்ற மென்பொருள் இந்த இடைவெளியில் இறங்கியது. ஸ்வரங்களோடு கமகத்தின் அளவையும் எழுதிக்கொடுத்தால் கணினி வீணைபோல் வாசித்துக்காட்டும். அந்த ஒலி கலைஞரின் வாசிப்புக்கு ஈடாகாது. அதன் பயன் வேறிடத்தில் இருந்தது: கமகத்தை எண்களாக எழுதும்போது, காது அறிந்தும் வாய் சொல்ல இயலாத எத்தனையோ தகவல்கள் வெளிப்பட்டன. பாடகர்களின் பதிவுகளை அளந்து அவர் எழுதிய கட்டுரைகள், ஏட்டில் சொல்லப்படும் ஸ்வரஸ்தானத்துக்கும் பாடப்படும் அசைவுக்கும் உள்ள தூரத்தைக் காட்டின.

2011 முதல் 2017 வரை ஐரோப்பிய ஆய்வு நிதியில் பார்சிலோனாவின் பொம்பேவு ஃபாப்ரா பல்கலைக்கழகத்தில் சேவியர் செர்ராவின் தலைமையில் நடந்த காம்ப்மியூசிக் திட்டம் இதைப் பெரிய அளவில் செய்தது. கர்நாடக இசை, இந்துஸ்தானி, துருக்கி மகாம், பெய்ஜிங் நாடக இசை, அரபு-அந்தலூசிய இசை ஆகிய ஐந்து மரபுகளை அவற்றின் இலக்கணப்படியே கணினிக்குப் புரியவைப்பது நோக்கம். சென்னை ஐஐடியில் ஹேமா மூர்த்தியின் குழு அதில் பங்கேற்றது. முதல் சிக்கலே அடிப்படையானது: கணினிக்கு ஸட்ஜம் எங்கே என்று தெரியாது. ஐரோப்பிய இசைக்கு எழுதிய நிரல்கள் ஸ்வரங்களின் உயரத்தை நிலையாகக் கொள்ளும்; இங்கோ ஒவ்வொரு பாடகருக்கும் ஒரு ஸட்ஜம். பாடலை மட்டும் கேட்காமல் பின்னணியில் ஒலிக்கும் தம்புராவையும் சேர்த்துக் கேட்கச்செய்தபோது விடை கிடைத்தது. பாடகர் சுருதியைப் பெறும் இடத்திலிருந்தே இயந்திரமும் பெற்றது.

ராகத்தை அடையாளம் காண்பது இன்னும் கடினம். எந்த ஸ்வரம் எவ்வளவு நேரம் ஒலித்தது என்று எண்ணினால் பல ராகங்கள் பிடிபடும். ஆரபியும் தேவகாந்தாரியும் பிடிபடா. இரண்டுக்கும் ஆரோகண அவரோகணம் ஒன்றே. ஆரபி விறுவிறுப்பாக, காந்தார நிஷாதங்களைத் தொட்டும் தொடாமலும் செல்லும். தேவகாந்தாரி நீண்ட கார்வைகளிலும் அசைவுகளிலும் தோய்ந்து நிற்கும். முதல் பிடியிலேயே ரசிகர் கண்டுகொள்ளும் வேறுபாட்டைக் கணினி அறிய, ஸ்வரங்களை விட்டுவிட்டுப் பிரயோகங்களைத் தேட வேண்டியிருந்தது. ஆய்வாளர்களோடு சேர்ந்து உழைத்த டி. எம். கிருஷ்ணா, விக்னேஷ் ஈஸ்வர் போன்ற பாடகர்கள் வலியுறுத்தியதும் அதுவே: ராகத்தின் அலகு ஸ்வரம் அன்று, சொற்கட்டுப்போல் வரும் பிடி. வாய்மொழியாக ஆசிரியர்கள் சொல்லிவந்ததை அளவீடு உறுதிசெய்தது.

இன்றைய கற்கும் இயந்திரங்களுக்கு மேலும் ஒரு முட்டுக்கட்டை. பாட்டிலிருந்து குரலை மட்டும் பிரித்தெடுக்கும் நிரல்கள் மேற்கத்திய ஜனரஞ்சக இசையில் நன்கு செயல்படுகின்றன. அங்கே ஒவ்வொரு வாத்தியமும் தனியே பதிவாகிறது. நம் கச்சேரியில் எல்லோரும் ஒரே மேடையில் நெருங்கி அமர்ந்து வாசிக்கிறார்கள், ஒருவர் ஒலி மற்றவர் மைக்கில் கசிகிறது. அதோடு வயலின் பாடகரை நிழல்போல் தொடர்வதால், கணினிக்கு இரண்டும் ஒரே குரலாகத் தோன்றுகின்றன.

தூரத்துக் கச்சேரி

இணையவழிக் கற்பித்தல் தமிழர் குடியேறிய நாடுகளில் பெருந்தொற்றுக்கு முன்பே வழக்கமாகிவிட்டது. நியூஜெர்சியிலிருக்கும் மாணவி சென்னை ஆசிரியையிடம் வர்ணம் கற்பது இன்று இயல்பு. ஆனால் அவர்கள் இருவரும் சேர்ந்து பாட முடியாது. கண்ணாடி இழையில் ஒளி நொடிக்கு ஏறத்தாழ 2,00,000 கி.மீ. செல்லும், சுமார் 13,000 கி.மீ. தூரத்தைக் கடக்க எந்தத் தடையும் இல்லாவிட்டாலும் 65 மில்லிநொடி ஆகும். உண்மையில் ஆவது அதைவிடப் பல மடங்கு. இசைக்கலைஞர்கள் தாளம் பிசகாமல் சேர்ந்து வாசிக்கத் தாங்கும் தாமதம் 25 முதல் 30 மில்லிநொடி வரை. காற்றில் பத்து மீட்டர் தள்ளி அமர்ந்திருப்பவரின் ஒலி வந்துசேர ஆகும் நேரம் அது. நிமிடத்துக்கு 60 எண்ணிக்கை கொண்ட தாளத்தில் ஓர் அட்சரத்துக்கு எட்டு ஸ்வரம் பாடினால் ஒரு ஸ்வரத்துக்கு 125 மில்லிநொடிதான்; இணையத்தின் மிகக் குறைந்த தாமதமே அதில் பாதியை விழுங்கிவிடும். எனவே ஆசிரியை பாட, மாணவி திருப்பிப் பாடும் சந்தை முறை மட்டுமே சாத்தியமாகிறது.

2020இல் அரங்குகள் மூடப்பட்டபோது சென்னை மியூசிக் அகாடமி தன் டிசம்பர் பருவத்தை இணையத்தில் நடத்தியது. கலைஞர்கள் தனித்தனி ஊர்களில் இருந்தபோது, ஒருவர் பாடிப் பதிவுசெய்து அனுப்ப, மற்றவர் அதைக் காதில் வைத்துக்கொண்டு மிருதங்கம் வாசித்துச் சேர்த்தார். கிருதிக்கு இது போதும். கல்பனாஸ்வரத்துக்கு வயலின் தரும் பதில் பாடகரை அடுத்த பிடிக்குத் தூண்டுவது இதில் நடவாது, ஏனெனில் பாடகர் ஏற்கெனவே பாடி முடித்துவிட்டார். ஆயினும் இதே முறையில், பல நாடுகளில் இருந்தபடி கோப்புகளைப் பரிமாறி சக்தி குழு உருவாக்கிய ‘திஸ் மொமென்ட்’ தொகுப்பு 2023இல் வெளிவந்து, 2024 பிப்ரவரியில் கிராமி விருது பெற்றது. ஜாகிர் உசேனும் வி. செல்வகணேஷும் தனித்தனியே வாசித்தவை ஒரே மேடையில் வாசித்ததுபோல் அதில் இணைந்தன. அரை நூற்றாண்டு ஒருவர் கையை மற்றவர் அறிந்து வாசித்த உறவு அந்தக் குழுவின் மையத்தில் இருந்தது. அத்தகைய பழக்கம் இல்லாத இளம் கலைஞர்கள் அதே கோப்புப் பரிமாற்றத்தில் இறங்கும்போது, முன்கூட்டியே எண்ணி வைத்த கோர்வைகளும் கட்டிய முத்தாய்ப்புகளுமே மிகுதியாக இடம்பெறுகின்றன.